ரகசியக் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள்?

கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். அது வங்கிக்குப் போய்ச் சேரும்வரை நடுவில் யாரும் படித்துவிடாதபடி குறியாக்கம் (சாவி இல்லாதவருக்குப் புரியாத வடிவமாகச் செய்தியை மாற்றுவது) செய்யப்படுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குறியாக்கம் உறுதியானது என்று எப்படித் தெரியும்? யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

முழுமையான நிரூபணம் கிடையாது. உங்கள் கைப்பேசியும் வங்கியின் கணினியும் தமக்குள் ஒரு ரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ளும் முறைகள், மிகக் கடினமான ஏதோ ஒரு கணக்கை நம்பி நிற்கின்றன. அந்தக் கணக்குக்குச் சுருக்கு வழியே இல்லை என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. திறமைசாலிகள் பலர் பல ஆண்டுகள் தேடியும் அகப்படவில்லை; நம் நம்பிக்கைக்கு ஆதாரம் அவ்வளவுதான்.

அப்படியென்றால் தேடுபவர்கள் யார், எந்தக் கருவியை வைத்துத் தேடுகிறார்கள், அவர்கள் சொல்வதை மற்றவர்கள் சரிபார்க்க முடியுமா என்பதெல்லாம் உங்கள் பணத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்விகள் ஆகிவிடுகின்றன. இங்கே பேசப்போவது அந்தக் கருவிகளைப் பற்றித்தான்.

கடினமான கணக்கு என்றால் எப்படிப்பட்டது? 101-ஐயும் 103-ஐயும் பெருக்கச் சொன்னால், காகிதத்தில் போட்டு 10,403 என்று சொல்லிவிடுவீர்கள். 10,403-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் நேரம் பிடிக்கும். 101, 103 இரண்டும் பகா எண்கள் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள்). ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறை இந்த வேறுபாட்டை வைத்தே கட்டப்பட்டது. பெருக்கி வந்த விடையை ஊரறிய வெளியிடலாம். பெருக்கிய இரண்டு பகா எண்கள்தான் ரகசியம். இன்று வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவியில் அந்த விடைக்கு 617 இலக்கங்கள்.

அவ்வளவு பெரிய எண்ணைச் சாதாரணக் கால்குலேட்டர் தாங்காது. அதற்கென்றே எழுதப்பட்ட கணித மென்பொருள்கள் இருக்கின்றன. எவ்வளவு பெரிய எண்ணையும் ஓர் இலக்கம்கூட விடாமல் கூட்டிப் பெருக்கும் ஜி.எம்.பி., பிரான்சின் போர்தோ நகரில் 1980-களில் பிறந்த எண்கணித மென்பொருளான பாரி, ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986-இல் தொடங்கிய காப் ஆகியவை இந்த வட்டாரத்தில் பழைய பெயர்கள்.

இவற்றையும் இன்னும் பல தொகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது சேஜ்மேத். அமெரிக்கக் கணித ஆய்வாளர் வில்லியம் ஸ்டைன் 2005-இல் முதல் பதிப்பை வெளியிட்டார். கட்டளைகளைப் பைத்தான் மொழியில் எழுதலாம் என்பதால், கல்லூரியில் பைத்தான் படித்த எவரும் சீக்கிரம் பழகிவிடலாம். குறியாக்க ஆய்வில் புதிதாக ஒரு தாக்குதலையோ புதிய முறையையோ சோதித்துப் பார்க்க இன்று பலரும் முதலில் திறப்பது இதைத்தான்.

இவை எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள் (உள்ளே எழுதியிருக்கும் நிரலை எவரும் படிக்க, திருத்த, பிறருக்குத் தர உரிமை உள்ளவை). இலவசமாகக் கிடைக்கிறது என்பது ஒரு வசதிதான். ஆனால் ஆய்வுக்கு அதைவிட முக்கியமானது, உள்ளே பார்க்க முடிகிறது என்பது.

உள்ளே பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். மளிகைக் கடையில் மொத்தத் தொகையை மட்டும் வாயால் சொன்னால் கடைக்காரரை நம்பிப் பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான். சாமான் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய சீட்டு கையில் இருந்தால் நீங்களே கூட்டிப் பார்க்கலாம். மூடிய மென்பொருள் மொத்தத்தை மட்டும் சொல்கிறது. காப் மென்பொருளைத் தொடங்கிய யோவாகிம் நொய்பூசர் இதைக் கணிதத்தின் வழக்கத்தோடு சேர்த்துச் சொன்னார். நூலகத்தில் உள்ள ஒரு தேற்றத்தைக் காலம் முழுக்கக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், அதன் நிரூபணத்தையும் படிக்கலாம்; கணினி நிரல் மட்டும் ஏன் வேறு மாதிரி நடத்தப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இதெல்லாம் கொள்கைப் பேச்சாகத் தோன்றலாம். 2022-இல் நடந்ததைப் பார்த்தால் இதன் நடைமுறைப் பயன் புரியும்.

குவாண்டம் கணினி (அணுவுக்குள் நடக்கும் விதிகளைக் கொண்டு கணக்கிடும் வேறு வகைக் கணினி) போதிய அளவில் கட்டப்பட்டால் ஆர்.எஸ்.ஏ. தாங்காது என்பது 1994 முதலே தெரியும். அதற்கு மாற்றுத் தேடும் பொறுப்பை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் எடுத்துக்கொண்டு, உலகெங்கிருந்தும் புதிய முறைகளை வரவழைத்துப் பல சுற்றுகளாகச் சோதித்தது. அவற்றில் ஒன்று சைக். டேவிட் ஜாவ், லூகா டி ஃபியோ இருவரும் 2011-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. அதன் சாவிகள் மிகச் சிறியவை. சிறிய வகையில் வெளியிடும் சாவி 330 பைட். போட்டியாளரான கைபரில் அதுவே 800. அதனால் சைக் மீது பலருக்கும் ஆசை இருந்தது.

சைக் எப்படி வேலை செய்தது? நீள்வட்ட வளைவு (ஒரு குறிப்பிட்ட வகைச் சமன்பாட்டுக்கு உட்பட்ட புள்ளிகளின் கூட்டம்) என்று ஒன்று உண்டு. ஒரு வளைவில் தொடங்கி, ரகசிய வழியில் இன்னொரு வளைவுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கே தொடங்கினீர்கள், எங்கே முடித்தீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் போன வழி மட்டும் ரகசியம். இத்துடன், சில குறிப்பிட்ட புள்ளிகள் எங்கே போய் விழுந்தன என்ற துணைத் தகவலையும் வெளியிட வேண்டியிருந்தது. அது இல்லாமல் இரு தரப்பும் ஒரே சாவிக்கு வந்து சேர முடியாது.

2022 ஜூலை 5 அன்று நிஸ்ட் தன் நான்காம் சுற்றுக்குத் தேர்ந்த முறைகளில் சைக்கும் இருந்தது. ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வௌட்டர் கஸ்ட்ரிக், தோமஸ் டெக்ரூ இருவரும் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். அந்தத் துணைத் தகவலையும், ஏர்ன்ஸ்ட் கானி என்ற கணித அறிஞர் 1997-இல் நிறுவிய ஒரு தேற்றத்தையும் சேர்த்தால் ரகசிய வழியைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். பேச்சோடு நிற்கவில்லை, நிரலையும் இணைத்திருந்தார்கள். சைக்கின் சிறிய வகையை உடைக்கச் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கருவுக்கு (கணக்குப் போடும் தனி அலகுக்கு) ஏறத்தாழ 62 நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. குவாண்டம் கணினியையே தாங்கும் என்று வடிவமைத்த முறை அது.

அவர்கள் நிரலை எழுதியது மாக்மா என்ற மென்பொருளில். சிட்னி பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. தரமானது, இந்தத் துறையில் மிகுந்த மதிப்புள்ளது. ஆனால் அது மூடிய மென்பொருள், உரிமக் கட்டணமும் உண்டு. நிரல் கண்முன்னே இருந்தும், உரிமம் இல்லாதவர்கள் அதைத் தங்கள் கணினியில் முழுதாக ஓட்டிப் பார்க்க வழியில்லை. இவ்வளவு பெரிய செய்தியை எத்தனை பேர் சொந்தமாகச் சோதித்துப் பார்க்க விரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? ரெமி ஊதோம்பெங், ஜாகமோ போப் ஆகியோரும் வேறு சிலரும் சேர்ந்து சில நாள்களுக்குள் அந்தத் தாக்குதலைச் சேஜ்மேத்தில் புதிதாக எழுதிப் பொதுவில் வைத்தார்கள். அப்போது சேஜுக்குள் சில அடிப்படைச் செயல்கள் தேவையில்லாமல் மெதுவாக நடப்பது தெரியவந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் காரணத்தைத் தேடிப் பிடித்து, திருத்தங்களைச் சேஜ் திட்டத்துக்கே அனுப்பினார்கள். ஒரு மணி நேரக் கணக்கு சில நிமிடங்களுக்கு இறங்கியது. மடிக்கணினி வைத்திருக்கும் எந்த மாணவரும் சைக் உடைவதைத் தம் மேசையில் பார்க்க முடிந்தது. அந்தத் திருத்தங்கள் இன்று வேறு ஆய்வுகளுக்கும் வேகம் கொடுக்கின்றன. திறந்த மூலத்தின் பயனைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இதில் உங்களுக்கு என்ன? 2019-இலேயே கூகுளும் கிளவுட்ஃபிளேரும் சைக்கை உண்மையான இணையப் போக்குவரத்தில் வைத்துச் சோதித்திருக்கின்றன. அப்போது சென்ற செய்திகள் இப்போது அம்பலமாகிவிடுமா? ஆகாது. சைக்கைத் தனியே விடாமல், நன்கு சோதிக்கப்பட்ட பழைய முறை ஒன்றோடு பிணைத்தே அனுப்பினார்கள். இரண்டும் உடைந்தால்தான் செய்தி வெளியாகும்.

இந்த இரட்டை ஏற்பாடு இப்போது உங்கள் கைப்பேசியிலும் கணினியிலுமே நடக்கிறது. 2023 முதல் சிக்னல் செயலியும், 2024 முதல் குரோம் உலாவியின் கணினிப் பதிப்பும் ஆப்பிளின் ஐமெசேஜும், கைபரையும், சைக்கிலிருந்து வேறான பழைய நீள்வட்ட வளைவு முறையையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இதற்காக நீங்கள் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். செயலியைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் புதுப்பித்துவிடுங்கள். இந்த மாற்றங்கள் அந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

உடைக்கும் நிரலை ஊருக்கெல்லாம் கொடுத்தால் திருடனுக்கும் அது கிடைக்காதா? இந்தச் சந்தேகம் நியாயமானது. கிடைக்கத்தான் செய்யும். ஆனால் திறமையும் பணமும் உள்ள திருடன் பொது நிரலுக்காகக் காத்திருக்க மாட்டான். வெளியில் தெரியாத பலவீனம் அவனுக்கு மட்டுமே பயன்படும். தெரிந்துவிட்டால் நாம் சாவியை மாற்றிக்கொள்ளலாம். 2012-இல் நடந்த ஆய்வு ஒன்றைப் பாருங்கள். அதன் அடிப்படைக் கணக்கை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

10,403, 10,807 என்று இரண்டு பேருடைய வெளிப்படைச் சாவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே இவற்றின் பகா எண்களைத் தேடுவது சிரமம். பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தியை (இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண்) இங்கே கொண்டுவாருங்கள். 10,807-ஐ 10,403-ஆல் வகுத்தால் மீதி 404. 10,403-ஐ 404-ஆல் வகுத்தால் மீதி 303. 404-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி 101. 303-ஐ 101-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 101. முதல் சாவி 101 × 103, இரண்டாவது 101 × 107. நான்கே வகுத்தலில் இரண்டு சாவிகளும் உடைந்தன.

இரண்டு பேர் ஒரே பகா எண்ணை எடுக்க வாய்ப்பு இருக்கிறதா? முறையாக எடுத்தால் கிடையாது. ஆனால் நாடியா ஹெனிங்கரும் அவருடைய சகாக்களும் இணையம் முழுவதும் சாவிகளைத் திரட்டி, ஜி.எம்.பி. துணையுடன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எண்களை ஒன்றோடொன்று இப்படி ஒப்பிட்டார்கள். பாதுகாப்பான இணைப்பு தரும் கணினிகளில் 0.5 சதவீதத்தின், அதாவது ஏறத்தாழ 64,000 கணினிகளின் ரகசியச் சாவிகள் அவர்கள் கையில் வந்துவிட்டன. ஒப்பிட ஆன நேரம் சில மணிகள்தான். அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை இணையத்தோடு இணைந்த ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு சாதனங்கள். மின்சாரம் கொடுத்தவுடனே, போதிய தற்செயல் தகவல் சேருமுன்பே சாவியை உருவாக்கிக்கொண்டதால், வெவ்வேறு பெட்டிகள் ஒரே எண்ணை எடுத்திருந்தன.

இன்னொரு சம்பவம் குடிமக்களையே நேராகத் தொட்டது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், ஒரு வகைப் பாதுகாப்புச் சில்லு உருவாக்கும் ஆர்.எஸ்.ஏ. சாவிகளின் பகா எண்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் வருவதைக் கண்டார்கள். 1996-இல் கண்டுபிடிக்கப்பட்ட காப்பர்ஸ்மித் முறையைக் கொண்டு அவற்றை உடைக்கலாம் என்று தெரிந்தது. எஸ்தோனியா நாட்டு அடையாள அட்டைகளில் ஏறத்தாழ ஏழரை லட்சத்தில் அந்தச் சில்லுதான் இருந்தது. வங்கிக்கும் மருந்துச் சீட்டுக்கும் அந்த அட்டையையே நம்பியிருக்கும் நாடு அது. நவம்பரில் அரசு அந்த அட்டைகளின் பழைய மின்சான்றிதழ்களை (ஒரு சாவி இன்னாருடையது என்று உறுதிசெய்பவை) முடக்க வேண்டியதாயிற்று. மக்கள் தம் அட்டைகளைப் புதுப்பித்துக்கொண்டார்கள். ஒரு சாவி இந்த வார்ப்பைச் சேர்ந்ததா என்று சொல்லும் சோதனை நிரலை ஆய்வாளர்கள் திறந்த மூலமாகவே வெளியிட்டிருந்ததால், உலகில் எவரும் தம் சாவியைச் சோதித்துக்கொள்ள முடிந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கடைக்கோ நிறுவனத்துக்கோ இணையதளம் வைத்திருந்தால், அதன் சான்றிதழில் சாவியின் நீளம் என்னவென்று பாருங்கள். உலாவியில் சான்றிதழ் விவரத்தைத் திறந்தால் தெரியும். இல்லாவிட்டால் தளத்தை நடத்தித் தருபவரிடம் கேளுங்கள். ஆர்.எஸ்.ஏ. என்றால் 2048-க்குக் குறையக்கூடாது.

அந்த அளவு ஏன்? இதே வகைக் கருவிகள் காட்டுவதைப் பாருங்கள். பெரிய எண்களைப் பிரிக்கும் காடோ என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டு, 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக் குழு 250 இலக்க எண்ணைப் பிரித்தது. அது 829 பிட். அதற்கு ஆன உழைப்பு ஏறத்தாழ 2,700 கரு-ஆண்டுகள் (கணினியின் ஒரு கரு ஓர் ஆண்டு முழுக்க ஓய்வின்றி உழைப்பது ஒரு கரு-ஆண்டு). மறுபக்கம், 512 பிட் சாவியை வாடகைக் கணினிகளில் நான்கு மணி நேரத்துக்குள், ஏறத்தாழ 75 டாலர் செலவில் உடைக்கலாம் என்று 2015-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். பழைய சாதனம் எதிலாவது 512 என்று கண்டால் அதற்குப் பாதுகாப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1024-ஐயும் மாற்றிவிடுவது நல்லது.

வீட்டு ரவுட்டர் பல ஆண்டுகள் பழையதா? தயாரிப்பாளர் புதுப்பிப்பு தருவதை நிறுத்தியிருந்தால் வேறு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். 2012 ஆய்வில் சிக்கியவை இந்த வகைச் சாதனங்கள்தான்.

சேஜ்மேத் இவ்வளவு நல்லதென்றால், என் கோப்புகளை அதிலேயே குறியாக்கம் செய்துகொள்ளலாமா? வேண்டவே வேண்டாம். இதில் கண்டிப்பாக இருங்கள். அது ஆராய்ச்சிக் கருவி. அதிலுள்ள சாதாரணத் தற்செயல் எண்கள் ரகசியத்துக்குத் தகுந்தவை அல்ல. போதிய எண்களைப் பார்த்தவர் அடுத்ததைக் கணித்துவிட முடியும். இன்னொன்று, கணக்கிட எடுக்கும் நேரம் எண்ணுக்கு எண் மாறும். நேரத்தை மட்டும் அளந்தே சாவியை அறியலாம் என்று பால் காக்கர் 1996-இல் காட்டியிருக்கிறார். அன்றாடப் பயன்பாட்டுக்கு லிப்சோடியம், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற, அந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட நிரல் தொகுப்புகள் உண்டு. அவையும் திறந்த மூலம்தான்.

திறந்த மூலம் என்றாலே பிழை இருக்காதா? இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை 2014-இல்தான் வெளியே வந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 2018-இல் மார்ட்டின் ஆல்பிரெக்ட்டும் மூன்று சகாக்களும், ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் சோதனையைப் பல தொகுப்புகளில் ஆராய்ந்தார்கள். வேண்டுமென்றே தந்திரமாக அமைத்த பகு எண்களை (பகா எண் அல்லாதவற்றை) கொடுத்தால் சில தொகுப்புகள் அவற்றைப் பகா எண் என்று ஏற்றுக்கொண்டன. திறந்திருப்பதால் மட்டும் யாரும் உட்கார்ந்து படித்துவிடுவதில்லை. படிக்க ஆள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளமும் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருள்களுக்குப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் தரும் பணம் இன்னும் கூட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்களே தொட்டுப் பார்க்க விரும்பினால், எதையும் நிறுவ வேண்டியதில்லை. சேஜ்மேத்செல் என்று தேடினால் ஒரு வெற்றுப் பெட்டி உள்ள பக்கம் வரும். கைப்பேசி உலாவியிலும் அது திறக்கும். பெட்டியில் கட்டளையை எழுதிப் பொத்தானை அழுத்தினால் விடை கீழே வரும். கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ வேண்டாம்.

முதலில் எதைக் கேட்கலாம்? 2-இன் 255-ஆவது அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்து, வருவது பகா எண்ணா என்று கேளுங்கள். 77 இலக்க எண். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆம் என்று பதில் வரும். வாட்ஸ்அப்பும் சிக்னலும் சாவிகளை ஏற்படுத்திக்கொள்ளும் நீள்வட்ட வளைவு இந்த எண்ணின் மேல் அமைந்தது. உங்கள் குடும்பக் குழுவில் போகும் செய்திகளின் அடித்தளத்தில் உள்ள ஒரு கூற்றை, யார் சொல்லையும் நம்பாமல் நீங்களே சோதித்துவிட்டீர்கள்.

அடுத்து, 30 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி, வந்த விடையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் பிரித்துவிடும். பிறகு 35 இலக்கம், 40 இலக்கம் என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துவாருங்கள். இலக்கம் கொஞ்சம் கூடும்போதே நேரம் பன்மடங்காக ஏறும். அந்தப் பக்கத்தில் ஒரு கணக்குக்குக் கால வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நிறுத்திவிடும். மேலே தொடர வேண்டுமானால் சேஜ்மேத்தை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸிலும் மேக்கிலும் நேராக நிறுவலாம். விண்டோஸில் முதலில் அதற்குள் லினக்ஸை இயக்கும் வசதியை நிறுவிவிட்டுப் பிறகு இதை நிறுவ வேண்டும். சில ஜிபி இடம் பிடிக்கும் என்பதால், கைப்பேசி டேட்டாவில் இறக்காமல் வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள்.